தை மாசத்துக் காற்று

"கொட்டாய் எங்கய்யா விழுந்து கிடக்கு? மொதல்ல அந்த இடத்தைக் காட்டு."

பஸ்ஸை விட்டு இறங்கியதும் இறங்காததுமாக ஓவர்சியர் தேவராஜன் கேட்ட முதல் கேள்வி இதுதான்.

எலந்தமேடு பஞ்சாயத்து கிளார்க் யாகப்பன் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு முழித்தார். "வெயிலு கொஞ்சம் தாழட்டும் சார். வூட்ல மோர் கீது, ஒரு வாய் குடிச்சுட்டு..."

"மோரெல்லாம் அப்புறம்."

ஆசாமி மழுப்புகிறான் என்று தேவராஜனுக்கு அப்போதே புரிந்துவிட்டது. பதினெட்டு வருஷ சர்வீஸில் அவர் எத்தனை மோரைப் பார்த்திருக்கிறார்!

விஷயம் இதுதான். பெங்களூர் ரோடு வேலைக்கு வந்த கூலி ஜனங்கள் சிலர், வேலை முடிந்தும் போக்கிடம் இல்லாமல் ஸ்ரீபெரும்புதூர் கடைவாசல்களில் குழந்தைகுட்டியோடு படுத்துக் கிடந்தார்கள். மழைக்காலத்தில் மட்டும் அவர்கள் ஒண்டிக்கொள்ள, பென்னலூர் தாண்டி எலந்தமேட்டு ஏரிக்கரையில் வருஷத்துக்கு ஒரு கீற்றுக் கொட்டகை போட யூனியன் ஆபீஸ் பணம் ஒதுக்கியது. தை முடிவதற்குள் ஜனங்களைக் கிளப்பிவிட்டு, கொட்டகையைப் பிரித்து, கழியையும் கீற்றையும் ஏலம் விட்டாக வேண்டும். அது ரூல்.

எழுபத்தாறாம் வருஷம் தை இருபத்தெட்டாம் தேதி கொட்டகை காற்றில் விழுந்து நாசம் என்று யாகப்பன் ரிப்போர்ட் எழுதினார். அடுத்த வருஷக் கொட்டகையும் அதே தை இருபத்தெட்டு. அதற்கடுத்த வருஷமும் அப்படியே. இதோ, நாலாவது ரிப்போர்ட்டும் வந்துவிட்டது.

யூனியன் ஆபீஸுக்குப் புதிதாக வந்த பி.டி.ஓ. ஃபைலைப் புரட்டிவிட்டுச் சிரித்தார். "ஊருக்கெல்லாம் கார்த்திகையில புயல். எலந்தமேட்டுக்கு மட்டும் தையிலயா?"

தேவராஜனுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று ரிப்போர்ட்டின் அடியிலும் 'நேரில் பார்த்துச் சரி கண்டேன்' என்று கையெழுத்துப் போட்டிருந்தது அவர்தான். நாற்காலியை விட்டு எழுந்திருக்காமல், ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்தபடியே போட்டது. இப்போது யாகப்பனைக் கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்தால்தான் தன் வேலை தப்பும்.

வழியெல்லாம் அவர் கண் ஊர்க் கூரைகள் மேலேயே இருந்தது. சர்க்கார் கீற்று எவன் வீட்டில் ஏறியிருக்கிறது?

"இதான் சார் நம்ம வூடு" என்றார் யாகப்பன்.

கூரை பொத்தலும் ஓட்டையுமாக வானம் தெரிந்தது. பலே ஆள், கீற்றை வெளியில் விற்றுக் காசாக்கிவிட்டான் என்று நினைத்துக்கொண்டார் தேவராஜன். வாசலில் முருங்கை மரம் ஒரு கிளை முறியாமல் காய்த்துத் தொங்கியது.

"ஏன்யா, கொட்டாயைச் சாய்ச்ச காத்து இந்த முருங்கையை மட்டும் விட்டுடுச்சா?"

யாகப்பன் சைக்கிளை உருட்டிக்கொண்டு முன்னால் நடந்தார்.

ஏரிக்கரை ஏறியதும் தேவராஜன் அப்படியே நின்றுவிட்டார்.

வரிசையாக நாலு கொட்டகை. ஒன்றுகூட விழவில்லை. சுற்றிலும் மண் சுவர் வைத்து மெழுகி, கொடியில் துணி காய்ந்துகொண்டிருந்தது. அடுப்புப் புகை வந்தது.

"அடப்பாவி! வாடகைக்கு விட்டிருக்கியா?"

அவருக்கு உள்ளுக்குள் சந்தோஷம்தான். ஆள் மாட்டிக்கொண்டான். முதல் கொட்டகை வாசலில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த ஞானம்மாவிடம் போனார்.

"இந்த ஆளுக்கு வாடகை எவ்வளவு குடுக்கறீங்க? பயப்படாம சொல்லும்மா."

"வாடகையா? இன்னா சார் பேசற நீ?" ஞானம்மா முறத்தைக் கீழே வைத்தாள். "வருசா வருசம் அவரு வூட்டுக்கு மொடைஞ்ச கீத்தை எடுத்தாந்து எங்க கூரைக்குப் போடறாரு. அவரு சம்சாரம் ஒழுவற வூட்ல குந்திகினு அவரைத் திட்டுது."

"அப்ப விழுந்துடுச்சுன்னு ஏன் எழுதினான்?"

"நின்னுகினு கீதுன்னு எழுதினா பிரிக்க ஆள் வந்துடுமே சார். திரும்ப நாங்க கடைவாசலுக்குத்தான் போவணும். வுழுந்துச்சுன்னு எழுதிட்டா ஒருத்தரும் வரமாட்டாங்க. அடுத்த மழைக்குப் புதுக் கொட்டாய் வரும். கடைவாசல்ல மிச்சம் இருக்கறவங்க அதுல வருவாங்க."

தேவராஜன் திரும்பினார். யாகப்பன் தலையைக் குனிந்துகொண்டு நின்றார்.

"தப்புதான் சார். என் பேருல எழுதிக்குங்க. ஆனா இவங்களைக் கிளப்பிடாதீங்க." கொஞ்சம் தயங்கினார். "மூணு வருசமா நீங்க தெரிஞ்சேதான் கையெழுத்துப் போடறீங்கன்னு நெனச்சுகினு இருந்தேன். இவங்ககிட்டயும் அப்டித்தான் சொல்லி வெச்சிருக்கேன்."

ஞானம்மா சட்டென்று எழுந்தாள். "நீதான் அந்த ஓவர்சியர் சாரா? அட தெய்வமே! ஏ ரத்னா, எல்லாரையும் கூப்புடு! நமக்காவ மூணு வருசமா பொய்க் கையெழுத்துப் போட்ட மவராசன் வந்துகிறாரு!"

நாலு கொட்டகையிலிருந்தும் ஜனங்கள் வந்து கைகூப்பி நின்றார்கள். தேவராஜனுக்குக் கூசிப் போயிற்று. யார் முகத்தையும் அவரால் பார்க்க முடியவில்லை.

பையிலிருந்து நாலாவது ரிப்போர்ட்டை எடுத்து, யாகப்பனின் சைக்கிள் சீட்டின்மேல் வைத்தார். பேனாவைத் திறந்தார்.

யாகப்பன் மெதுவாகக் கேட்டார். "பி.டி.ஓ. கேட்டா இன்னா சார் சொல்லுவீங்க?"

"தையில காத்து அடிக்காதுன்னு அவருக்கு யாருய்யா சொன்னது?"

'நேரில் பார்த்தேன். கொட்டகை முழுதும் சரிந்து கிடக்கிறது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார் தேவராஜன். நாலு ரிப்போர்ட்டில், நிஜமாகவே நேரில் வந்து பார்த்துவிட்டு அவர் எழுதிய பொய் அது ஒன்றுதான்.