கல் தெறித்த சைலன்சர்

"மூணு மாசத்துல மூணாவது தடவை, மச்சான்! ஒட்டகச் சந்தையைத் தாண்டும்போதே சைலன்சர் சத்தம் வீட்டுல கேக்குது" என்று கத்தியபடி பிக்கப்பைப் பட்டறைக்குள் விட்டான் என் தங்கை நூஃபின் கணவன் தைஃபுல்லா.

வண்டிக்கடியில் படுத்து, சைலன்சரில் படிந்த கரியைத் துடைத்தேன். ஓட்டை, ஓரம் பிசகாமல் வட்டமாக இருந்தது.

"ஏன் இப்படி ஆகுது?"

"கல் தெறிச்சிருக்கு" என்றேன்.

"இனிமே சத்தமே வரக்கூடாது. வண்டிச் சத்தம் கேட்டதும் உன் தங்கச்சி போனை ஒளிச்சுட்டுத் தாழ்ப்பாள் போட்டுக்கிறா. கையும் களவுமா பிடிச்சேன்னா, அப்புறம் இருக்கு அவளுக்கு!"

'வந்துடு' என்று நான் எத்தனை முறை அழைத்தும், பிள்ளைகளை அவன் தரமாட்டான் என்று அங்கேயே கிடக்கிறாள்.

வெல்டிங் வைத்து அனுப்பினேன்.

திரைச்சீலை மாட்ட வேண்டும் என்று நூஃப் வாங்கிப்போன டிரில்லிங் மெஷினை மட்டும் நான் இன்னும் திருப்பிக் கேட்கவில்லை.