விஜயகுமாரியின் புகார்கள்

பையை எடுத்துக் காரில் வைத்தாகிவிட்டது. விஜயகுமாரி மட்டும் முதியோர் இல்லத்து வராந்தா நாற்காலியை விட்டு எழவில்லை.

மகன் கலையரசன் நாவலூரிலிருந்து விடியற்காலையிலேயே கிளம்பி வந்திருந்தான். அலுவலக வேலையாக அவனும் மனைவி ரேணுகாவும் வெளிநாடு போனபோது, மூன்று மாதத்துக்கு மட்டும் என்று செய்யூர்ப் பக்கம் இந்த இல்லத்தில் அம்மாவை விட்டிருந்தார்கள். திரும்பியதும் முதல் வேலையாக அழைத்துப்போக வந்துவிட்டான்.

வராமல் எப்படி இருப்பான்? சாயந்திரமானால் ஃபோனில் அத்தனை புகார்.

சாம்பார்ல பருப்பத் தேடிக்கினு கீறோம்டா. பக்கத்துக் கட்டிலு மார்கரெட்டு குளுருதுன்னு ஃபேன நிறுத்திடுறா, நான் வெந்து சாவுறேன். தாயம் ஆடுனா சந்திரம்மா கள்ளாட்டம் ஆடுறா, கேட்டா சண்டைக்கு வர்றா. டிவி ரிமோட்ட ஞானம்பாள் இடுப்புல சொருவிக்கினு போயிடுறா.

கேட்கக் கேட்க அவனுக்குத் தூக்கம் போனது. அம்மாவை இன்னா பாடு படுத்துறாங்க பாரு என்று ரேணுகாவிடம் சொல்லிக் கண் கலங்கியிருக்கிறான்.

உள்ளேயிருந்து மார்கரெட் குரல் கொடுத்தாள்.

"இன்னா விஜயா, போறதுன்னா சட்டுனு போ. ஜன்னலோரக் கட்டில நான் எடுத்துக்கணும்."

"தொட்டுப் பாரு, கைய ஒடச்சிடுறேன்!"

கலையரசன் பதறிப்போனான்.

"பாத்தியாம்மா? இவங்களோட உனக்கு இன்னாத்துக்கு இந்தப் பேஜாரு? வா, நம்ம வூட்டுக்குப் போலாம்."

"நான் வரலடா."

"அங்க உனக்குன்னு தனி ரூம் கீது. தனி டிவி கீது. யாரும் உன்ன ஒரு வார்த்த சொல்ல மாட்டாங்க."

"ஆமாண்டா. சொல்ல மாட்டாங்க."

"அப்போ தெனம் ஃபோன் போட்டு அவ்ளோ கொற சொன்னியே?"

விஜயகுமாரி மகனை நிமிர்ந்து பார்த்தாள். முகத்தில் கோபமில்லை.

"அப்பா போனப்புறம் நாலு வருசம் உன் வூட்ல இருந்தேனே கலை. ஒரு நாளாவது எதுனா கொற சொன்னனா?"

அவன் யோசித்தான்.

சாப்பாடு எப்படிம்மா? நல்லா இருந்துச்சு. தூங்கினியா? தூங்கினேன். பொழுது போச்சா? போச்சு.

நாலு வருடமும் இதேதான். அதற்குமேல் ஒரு சொல் அவனுக்கு நினைவு வரவில்லை.

கார் சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். அம்மாவுக்குப் பக்கத்தில், வராந்தாப் படியில் உட்கார்ந்தான். மெல்லக் கேட்டான்.

"காலைல இன்னாம்மா டிபன் குடுத்தாங்க?"

விஜயகுமாரி நாற்காலியை அவன் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

"அத ஏன் கேக்குற..."