ஈரக் குச்சி

முன்பு குடியிருந்தவர்கள் விட்டுப்போன செடி அது. வேர்கள் தொட்டியின் அடித்துளை வழியே வெளியே வந்து கூடத்துத் தரையைத் தடவிக்கொண்டிருந்தன. குடிவந்த வாரமே நான் அதைப் பெரிய தொட்டிக்கு மாற்றினேன்.

"புது மண்ணு பழகற வரைக்கும் தண்ணியைக் குறைச்சுக்கங்க மேடம்" என்றார் நர்சரிக்காரர். "ஒரு ஐஸ்குச்சியைச் சொருகி வைங்க. உருவிப் பாத்து, காஞ்சிருந்தா மட்டும் ஊத்துங்க."

குச்சி காயவே இல்லை. பத்து நாளாக நான் ஒரு சொட்டுகூட ஊற்றவில்லை. ஆனாலும் தினமும் காலையில் தொட்டியின் அடித்தட்டில் தண்ணீர் நின்றது. இலைகள் மஞ்சளாயின.

"தனியா இருக்கறவ, நீயே மறந்து ஊத்தியிருப்படி" என்றாள் அக்கா ஃபோனில்.

வாசல் பூட்டை மாற்றினேன். பூவாளியை ஆபீசில் கொண்டுபோய் வைத்தேன். மறுநாளும் தட்டில் தண்ணீர். தண்டின் அடிப்பாகம் அழுகத் தொடங்கியிருந்தது.

அந்த ஞாயிறு மாலை பொறுமை போய்விட்டது. ஆளில்லாத கூடத்தைப் பார்த்துக் கத்தினேன்.

"யாரா இருந்தாலும் சரி, இப்படி ஊத்தினா செத்துரும்! வாரத்துக்கு ஒரு தடவை, ஞாயித்துக்கிழமை மட்டும் ஊத்தினா போதும். காதுல விழுதா?"

புதனன்று குச்சி முதல்முறையாகக் காய்ந்து வந்தது. சனி வரை அப்படியே இருந்தது. சுருண்ட புது இலைகூட ஒன்று எட்டிப் பார்த்தது.

ஞாயிறு காலை சமையலறையில் பால் காய்ச்சிக்கொண்டிருந்தேன். கூடத்தில் தண்ணீர் ஊற்றும் சத்தம் கேட்டது. அடுப்பை அணைத்துவிட்டு, அது நிற்கும்வரை அங்கேயே நின்றேன்.

அளவாகத்தான் ஊற்றினார்கள்.