ஏழாவது விடை

"எல்லாத்தையும் அள்ளிப் பெட்டியில போடுறீங்களே, அதுல என் கேள்விகளும் இருக்கா?"

கேட்டவர் கேள்வி சார். அந்த வாரப் பத்திரிகையில் 'பத்துக்குப் பத்து' என்ற பொது அறிவுப் பகுதியைப் பதினொரு வருடமாக எழுதுகிறவர். ஆசிரியரோ மேசை இழுப்பறையைக் காலி செய்து அட்டைப் பெட்டியில் போட்டுக்கொண்டே இருந்தார், நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"உக்காருங்க சார். உங்க பகுதியை இந்த வாரத்தோட நிறுத்தச் சொல்லிட்டார் முதலாளி."

கேள்வி சார் நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். பகுதி போனால் போகட்டும் என்று விட அவரால் முடியாது. வீட்டில் அவர் என்ன கேட்டாலும் யாரும் பதில் சொல்வதில்லை. "என் குடையைப் பார்த்தியா?" என்று மகனைக் கேட்டால் அவன் செல்போனைப் பார்ப்பான், மருமகள் மகனைப் பார்ப்பாள். குடையை அவரே தேடிக்கொள்ள வேண்டியதுதான்.

அவர் கேட்டதற்கு வாராவாரம் மறக்காமல் பதில் சொல்கிற ஒரே ஒரு ஜீவன் இந்த உலகத்தில் உண்டு. கடிதத்தில் பத்து விடை, கீழே 'ஒரு வாசகன்' என்று கையெழுத்து. முகவரி கிடையாது. பரிசுப் பேனாவைக்கூட இதுவரை கேட்டதில்லை.

"கடிதம் வராத பகுதியைத்தானே நிறுத்தணும்? அதுதானே முதலாளி போட்ட சட்டம்? எனக்குத்தான் வருதே!"

"ஒண்ணே ஒண்ணு சார்."

"ஒண்ணா இருந்தா என்ன தம்பி? பத்துக்குப் பத்து போடுற ஆளு! உங்களுக்கு மனசாட்சின்னு ஒண்ணு இருந்தா முதலாளிகிட்ட எடுத்துச் சொல்லியிருப்பீங்க. நீங்க எங்க வாயைத் திறந்திருக்கப் போறீங்க?"

ஆசிரியர் இழுப்பறைக்குள் கையை விட்டு மூக்குக்கண்ணாடிக் கூட்டை எடுத்துப் பெட்டியில் போட்டார். கல்நெஞ்சக்காரன் என்று கேள்வி சார் மனதுக்குள் திட்டினார்.

சட்டைப் பையில் இந்த வாரக் கடிதம் இருந்தது. உள்ளே வரும்போது வரவேற்பறைப் பெண் கொடுத்தது, இன்னும் பிரிக்கவில்லை. இதைப் படித்துக் காட்டினால் இவர் மனம் மாறாதா என்று ஒரு நப்பாசை.

"இருங்க, உங்க கண்ணு முன்னாடியே திருத்துறேன்" என்று தன் விடைத்தாளின் கார்பன் நகலை மேசையில் விரித்தார்.

விடைத்தாள் விஷயத்தில் அவர் படு கறார். கேள்விகளை யாரிடம் வேண்டுமானாலும் கொடுத்துவிட்டுப் போவார், விடைகளை மட்டும் பசை போட்டு ஒட்டிய உறையில் வைத்து ஆசிரியர் கையில்தான் கொடுப்பார். நடுவில் யாராவது பார்த்து வெளியே சொல்லிவிட்டால்? ராணுவ ரகசியத்தைக்கூட இவ்வளவு பத்திரமாக யாரும் வைத்திருக்க மாட்டார்கள்.

"சதுரங்கப் பலகையில எத்தனை கட்டம்? அறுபத்து நாலு. சரி. வைரம் எதால ஆனது? கார்பன். சரி. பியானோவுல எத்தனை கட்டை? எண்பத்தெட்டு. பார்த்தீங்களா, பார்த்தீங்களா!"

சிவப்புப் பேனா துள்ளித் துள்ளி டிக் போட்டது. நாலு சரி, அஞ்சும் சரி.

"பாக்ட்ரியன் ஒட்டகத்துக்கு எத்தனை திமில்? ரெண்டு. சரி. ஏழாவது, ஆக்டோபஸுக்கு எத்தனை இதயம்? ரெண்டு. ச..."

பேனா அந்தரத்தில் நின்றது.

அவர் கார்பன் நகலைப் பார்த்தார். அதிலும் இரண்டு என்றுதான் இருந்தது, அவர் கையெழுத்திலேயே.

"மூணு இதயம் தம்பி. ஆக்டோபஸுக்கு மூணு. எனக்கு நல்லாத் தெரியும். ஒட்டகத்துக்கு ரெண்டுன்னு எழுதின கையோட இங்கயும் ரெண்டுன்னு போட்டுட்டேன் போல. பதினொரு வருஷத்துல முதல் தப்பு."

சொல்லிவிட்டு மறுபடி கடிதத்தைப் பார்த்தார். விஷயம் தெரிந்த ஆளாக இருந்தால் மூன்று என்று எழுதியிருப்பான். தெரியாதவனாக இருந்தால் எல்லோரையும்போல ஒன்று என்று எழுதியிருப்பான். இரண்டு என்பது ஒட்டிய அந்த உறைக்குள் மட்டுமே இருந்த விடை.

ஆசிரியர் எழுந்து, சுவரில் மாட்டியிருந்த தன் இரண்டு பெண்களின் புகைப்படத்தைக் கழற்றித் துடைத்துப் பெட்டியில் வைத்தார். கேள்வி சார் அப்போதுதான் பெட்டிக்குள் எட்டிப் பார்த்தார். தண்ணீர் பாட்டில், சாப்பாட்டு டப்பா, ஒரு பழைய ஸ்வெட்டர்.

"தம்பி, இந்தப் பெட்டி..."

"என்னோடதுதான் சார். ஆளைக் குறைக்கிறாங்க. எனக்கும் இன்னையோட சரி."

கேள்வி சார் கடிதத்தை மடிக்கவும் தோன்றாமல் கையிலேயே பிடித்துக்கொண்டிருந்தார். இனி எந்த வாரமும் தனக்குப் பதில் வராது என்பது மட்டும் புரிந்தது.

"அப்போ... இத்தனை வருஷமா இந்தக் கடிதம்?"

ஆசிரியர் பெட்டியை மூடினார். தப்புச் செய்து மாட்டிக்கொண்ட பிள்ளையைப் போலத் தலையைக் குனிந்துகொண்டார்.

"ஆக்டோபஸைப் பத்தி எனக்கென்ன சார் தெரியும்? நீங்க ரெண்டுன்னு போட்டிருந்தீங்க, நானும் ரெண்டுன்னே எழுதிட்டேன்."