ஏழு மணி ஆட்டத்துக்குப் போகாதீங்க!

"நெஸ்தோர்! வெளியே வா!"

தியேட்டர் மேனேஜர் நெஸ்தோர், வாயில் வைத்த நூடுல்ஸை அவசரமாக விழுங்கிவிட்டு ஓடிவந்தார்.

வாசலில் பன்னிரண்டு பெண்கள். ஆளுக்கொரு அட்டை. 'பிள்ளைகளைப் பிள்ளைகளாக இருக்க விடு!'

நடுவில் மெகாஃபோனோடு கொன்சோர்சியா அக்கா. தேவாலய மாதர் சங்கத் தலைவி. அடுத்த தீவிலிருந்து வந்து குடியேறி ஆறு வருஷம்தான் ஆகிறது. அதற்குள் ஊரில் அவர் பேச்சுக்கு எதிர்ப்பேச்சு கிடையாது.

"என்னக்கா இதெல்லாம்?"

"என்னவா? பத்து வயசுப் பொண்ணுக்கு லிப்ஸ்டிக், குதிகால் செருப்பு, ஒட்டு இமை! அதையும் ஒரு படம்னு எடுத்திருக்காங்க, நீயும் ஓட்டறே!"

"ஐயோ, அது தப்புன்னு சொல்ற படம்க்கா. திருவிழா அழகிப் போட்டிக்குப் பெத்த அம்மாவே பொண்ணை மேடை மேடையா இழுத்துட்டுப் போறா. அந்தப் பொண்ணு படற பாடுதான் கதையே."

"அதுதான் பெரிய பொய்! எந்த அம்மா அப்படிச் செய்வா?"

நெஸ்தோர் கையெடுத்துக் கும்பிடாத குறை. "அக்கா, நேத்து ரிலீஸ். மொத்தம் நாலு பேர். அதுல ஒருத்தர் ஏசிக்காக வந்து குறட்டை விட்டார். நாளைக்கே தூக்கிட்டுப் பேய்ப்படம் போடறேன். நீங்க வெயில்ல நிக்காம வீட்டுக்குப் போங்க."

கொன்சோர்சியாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"நாளைக்கா? அதெப்படி? ஒரு வாரம் போராடறதா தீர்மானம் போட்டிருக்கோம். அதுக்குள்ள நீ எப்படிப் படத்தைத் தூக்கலாம்?"

"எடுக்கணும்னுதானே போராடறீங்க?"

"நாங்க போராடி நீ எடுக்கணும். நீயா எடுத்தா எங்களுக்கு என்ன மரியாதை?"

நெஸ்தோர் தலையைச் சொறிந்தார். கொன்சோர்சியா மெகாஃபோனைச் சந்தைப் பக்கம் திருப்பினார்.

"ஊர் ஜனங்களே! ஒன்றரை மணி, நாலு மணி, ஏழு மணி, மூணு ஆட்டம் நடக்குது! ஒரு ஆட்டத்துக்கும் போகாதீங்க! முக்கியமா அம்மாமார் யாரும் போகவே கூடாது! இடைவேளைக்கு அப்புறம் வர்ற காட்சி இருக்கே, அதை நான் வாயால சொல்ல மாட்டேன்!"

மீன் விற்றுக்கொண்டிருந்தவள் கத்தியைக் கீழே வைத்தாள். சாலையில் போன ஜீப்னி வண்டியிலிருந்து நாலு தலை எட்டிப் பார்த்தது.

அன்று ஏழு மணி ஆட்டத்துக்கு அறுபது டிக்கெட்.

வெள்ளிக்கிழமை பாதி அரங்கு. சனிக்கிழமை கூடுதல் நாற்காலி போட்டார்கள். கோஷம் போட்ட பன்னிரண்டு பேரில் ஏழு பேர் தலையில் துணி போட்டுக்கொண்டு பக்கவாட்டுக் கதவு வழியாக நுழைந்தார்கள்.

"எதை எதிர்க்கிறோம்னு தெரிஞ்சுக்க வேண்டாமா?" என்றார் சங்கச் செயலாளர், பாப்கார்னைக் கொறித்தபடி.

உள்ளே போனவர்கள் சிரித்துக்கொண்டு போனார்கள். வரும்போது ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கவில்லை.

வாசலில் ஒரு சின்னப் பெண் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தாள். அடுத்த வாரம் ஊர்த் திருவிழா அழகிப் போட்டியில் நிற்கப் போகிறவள்.

"அம்மா, எனக்கும் அந்தச் செருப்பு வேண்டாம்மா. காலெல்லாம் வலிக்குது."

அவள் அம்மா குனிந்து பிள்ளையின் பாதத்தைத் தடவினாள். "வேண்டாம், விடு" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை நாலு மணி ஆட்டம் முடிந்து அரங்கைப் பார்க்கப் போனார் நெஸ்தோர். கடைசி வரிசையில் யாரோ எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தார்கள். கறுப்புக் கண்ணாடி. கையில் கசங்கிய கைக்குட்டை.

"கொன்சோர்சியா அக்கா! நீங்களா?"

"கத்தாதே. கூட்டம் போகட்டும்னு உட்கார்ந்திருக்கேன்."

"எத்தனாவது தடவை?"

"அஞ்சு."

"அடேங்கப்பா! அப்புறம் எதுக்கு வாசல்ல அந்தக் கத்து?"

"நல்ல படம், வந்து பாருங்கன்னு கூப்பிட்டிருந்தா இந்த ஊர்ல எத்தனை பேர் வந்திருப்பாங்க, நீயே சொல்லு."

நெஸ்தோர் வாய்விட்டுச் சிரித்தார். பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார்.

"காலைல மனிலாவிலேருந்து இந்தப் படத்தை எடுத்த பொண்ணு போன் பண்ணுச்சுக்கா. மத்த ஊர்லெல்லாம் படம் படுத்துடுச்சாம். இங்க ஹவுஸ்ஃபுல்னு சொன்னதும் அழுதுடுச்சு."

கொன்சோர்சியா கண்ணாடியைக் கழற்றினார். "அழுதாளா?"

"ஆமாம். எப்படி இவ்வளவு கூட்டம்னு கேட்டுச்சு. ஒரு அம்மா வாசல்ல நின்னு திட்டித் திட்டியே சேர்த்துட்டாங்கன்னேன்."

"என் பேரைச் சொன்னியா?"

"இல்லையே."

"சொல்லிடாதே."

"சரி, சொல்லலை. ஆனா ஒண்ணு மட்டும் கேக்கறேன். எந்த அம்மா அப்படிச் செய்வா, எல்லாம் பொய்யின்னீங்களே. அதுவும் கூட்டம் சேர்க்கத்தானா?"

கொன்சோர்சியா வெறும் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"இல்லை, நெஸ்தோர். அது மட்டும் நிஜமாவே பொய்தான். இதை எடுத்தவ என் பொண்ணு. என்கிட்ட பேசி ஒன்பது வருஷமாச்சு. ஆனாலும் பெத்தவளாச்சேன்னு பாதியை மறைச்சிருக்கா. நான் அதைவிட மோசம்."