இடது கைக்காரி

“இது அத்தானுக்கு வாங்கினது இல்லக்கா,” என்றாள் தங்கை.

கட்டிலின் மேல் ஒரு யுகுலேலே கிடந்தது. கிட்டாருக்குப் பிறந்த குட்டி மாதிரி, நாலே நாலு கம்பி. அலமாரிக்குப் பின்னால் சொருகி வைத்திருந்ததைக் காலையில் பெருக்கும்போதுதான் அக்கா பார்த்தாள். பார்த்ததும் போன் செய்து தங்கையை வரச் சொல்லிவிட்டாள்.

அத்தான் லிஃப்ட் மெக்கானிக். டிவியில் பாட்டு வந்தால் சேனலை மாற்றுகிற ஆள்.

“எப்படிச் சொல்ற?”

“கம்பியைப் பாரு. இந்தத் தடிமனான கம்பி மேலேருந்து ரெண்டாவதா இருக்கணும். மூணாவதா இருக்கு. என் பொண்ணு முதல்ல இதைத்தானே கத்துக்கிட்டா, எனக்குத் தெரியாதா? மொத்தத்தையும் வரிசை மாத்திக் கட்டியிருக்கு. இது இடது கைக்காரங்க வாசிக்கிறது. அத்தான் எந்தக் கையால எழுதுவார்?”

“வலது கை.”

“அப்போ?”

அக்கா அந்தத் தடித்த கம்பியைத் தொட்டுப் பார்த்தாள்.

“அவர் ஆபீஸ்ல இடது கைக்காரி யாராவது இருக்காளா?”

“வரவேற்புல ஒருத்தி இருக்கா. ஒரு தடவை சாவி குடுக்கப் போனப்போ பார்த்தேன். இடது கையாலதான் எழுதிட்டு இருந்தா.”

“பார்க்க எப்படி இருப்பா?”

“அதுவாடி இப்போ முக்கியம்?”

“சரி, நல்லாத்தான் இருப்பா போல.”

அக்கா முறைத்தாள். தங்கை விடுவதாக இல்லை.

“லேட்டா வர்றார்னு சொன்னியே?”

“செவ்வாயும் வெள்ளியும். ஓவர்டைம்னு சொல்றார். இடது கை விரலெல்லாம் டேப் ஒட்டின பசை. கேட்டா, வயர் வேலைன்னார்.”

“ஒரு கைக்கு மட்டும் வயர் வேலையா? உன் கிட்டாரைத் தூக்கி என் பொண்ணுக்குக் குடுத்தியே, அன்னிக்கு ‘ஏன்’னு ஒரு வார்த்தை கேட்டாரா இந்த மனுஷன்? இப்போ எவளுக்கோ வாத்தியம் வாங்கி ஒளிச்சு வைக்கிறார். நான் மட்டும் உன் இடத்துல இருந்தா...”

“நீ என் இடத்துல இல்ல.”

இடது முழங்கையால் உறையை அழுத்திக்கொண்டு, வலது கையால் ஜிப்பை இழுத்து மூடினாள் அக்கா. உறையில் கடையின் பெயர் ஒட்டியிருந்தது. அதைப் படித்துக்கொண்டு, வாத்தியத்தை இருந்த இடத்திலேயே சொருகினாள்.

அன்றைக்கு வெள்ளிக்கிழமை. மத்தியானம் சாப்பிட வந்த கணவன், கிளம்பும்போது, “இன்னிக்கு லேட் ஆகும்,” என்றான்.

“சரி,” என்றாள்.

அவன் போனதும் அலமாரிக்குப் பின்னால் கையை விட்டுப் பார்த்தாள். காலி.

சாயங்காலம் அந்தக் கடையைத் தேடிக் கடைத்தெருவில் நடக்கும்போது தங்கையிடம் சொன்னாள்: “அவ அங்க இருந்தா நான் வீட்டுக்குத் திரும்ப மாட்டேன். நேரா உன்கூட வந்துடுறேன்.”

தங்கை முதல் முறையாகக் கொஞ்சம் பயந்தாள்.

கடையில் ஒருவர் வயலினைத் துணியால் துடைத்துக்கொண்டிருந்தார். அக்கா வெளியிடங்களில் எப்போதும் செய்வதுபோல இடது கையைக் கைப்பைக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

தங்கைதான் ஆரம்பித்தாள். “லிஃப்ட் மெக்கானிக் ஒருத்தர் உங்ககிட்ட இடது கை யுகுலேலே வாங்கினாரே. யாருக்குன்னு சொன்னாரா?”

கடைக்காரர் துடைப்பதை நிறுத்தினார். “நீங்க யாரு?”

“தெரிஞ்சவங்க.”

“தெரிஞ்சவங்கன்னா அவரையே கேளுங்க. வெளியில சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்கார்.”

‘பார்த்தியா’ என்பதுபோல் தங்கை அக்காவின் இடுப்பில் இடித்தாள்.

கடைக்குப் பின்னால், திரை போட்ட அறையிலிருந்து கம்பி மீட்டும் சத்தம் வந்தது. நாலு தட்டு, ஒரு தப்பு. மறுபடி முதலிலிருந்து.

“உள்ள அவரா?” என்றாள் அக்கா.

“ஆமா. பழகுறார்.”

“கூட?”

“கூட யாரும் இல்ல. அவங்களைக் கூட்டிட்டு வர இன்னும் தைரியம் வரலையாம்.”

“எவங்களை?”

கடைக்காரர் நாக்கைக் கடித்துக்கொண்டார். “அதெல்லாம் எனக்குத் தெரியாதும்மா. முதல்ல கிட்டார்தான் எடுத்துக் காட்டினேன். தொடக்கூட இல்ல. ‘அதைப் பார்த்தா அழுவா, வேற குடுங்க’ன்னார். அப்புறம்தான் இதைக் காட்டினேன். நைலான் கம்பி, விரல் நோகாது. கம்பியை மாத்திக் கட்டச் சொன்னார், கட்டிக் குடுத்தேன்.”

“கேட்டியா? அழுவாளாம்,” என்றாள் தங்கை.

அக்காவால் அதற்கு மேல் நிற்க முடியவில்லை. கைப்பையைத் தங்கையிடம் திணித்துவிட்டு, விறுவிறுவென்று போய்த் திரையை இடது கையாலேயே விலக்கினாள்.

“அம்மா, அங்க போகக் கூடாது...” என்று குறுக்கே வந்த கடைக்காரர் அந்தக் கையைப் பார்த்தார். அச்சக மெஷினில் நசுங்கி, உள்ளங்கைக்குள் மடங்கியே போய்விட்ட மூன்று விரல்களையும் பார்த்தார்.

“நீங்கதானா?” என்று வழிவிட்டார்.

உள்ளே முக்காலியில் கணவன் உட்கார்ந்திருந்தான். வலது கை விரல்களால் கம்பிகளை அழுத்தி, இடது கையால் மீட்டிக்கொண்டிருந்தான். அந்த இடது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் மட்டும்தான் வெளியே தெரிந்தன. மற்ற மூன்று விரல்களையும் மடக்கி, கறுப்பு டேப்பால் உள்ளங்கையோடு சேர்த்துச் சுற்றியிருந்தான்.

அவளைப் பார்த்ததும் வாத்தியத்தை மறைக்கப் பார்த்தான். முடியவில்லை.

“ரெண்டு விரலுக்கு வாசிக்க வருதான்னு நான் பார்த்துட்டு அப்புறம் உன்கிட்ட சொல்லலாம்னு...”

திரைக்கு அந்தப் பக்கமிருந்து தங்கை பொறுமையில்லாமல் கேட்டாள். “என்னக்கா, அந்த இடது கைக்காரி உள்ள இருக்காளா?”

“இருக்கா,” என்றாள் அக்கா.