டிராகன் ஊதிக் காயவைத்த சுவர்

இன்றைக்கு அவன் அங்கேயே தங்கித் தொலைய வேண்டும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன்.

அவன் என்றால், சாப்பாட்டு நேரத்தில் என் மனைவி எங்களுக்கு வாசித்துக் காட்டுகிற கதையில் வருகிறவன்.

கலவை போடுகிற ஒருத்தன் கால் வழுக்கிக் கலவைக் குழிக்குள் விழுகிறான். எழுந்து பார்த்தால் மாய உலகம். மூன்று தலை டிராகன் அவனைத் தின்ன வருகிறது. வந்ததுதான் வந்தாய், இந்தச் சுவர்ப் பக்கம் திரும்பிக் கொஞ்சம் ஊது, பூச்சு சீக்கிரம் காயட்டும் என்கிறான். மந்திரவாதியின் கோபுரத்தைப் பார்த்து, ரசமட்டம் வைக்காமலா கட்டினீர்கள் என்று கேட்டு அந்த மனுஷனை அழவைக்கிறான். இப்போது அந்த ஊர் ராணியே, இங்கேயே இருந்துவிடு என்கிறாள்.

நாலாவது மாடியில், கைப்பிடி வைக்காத படிக்கட்டில், ஆளுக்கொரு படியாக உட்கார்ந்து கேட்போம். கொத்தனார், கம்பி கட்டுகிறவர், சித்தாள்கள் இரண்டு பேர், நான். எங்களில் படிக்கத் தெரிந்தவள் அவள் ஒருத்திதான். பழைய பேப்பர் கடையில் வாங்கிய புத்தகம். சிமெண்டுப் பைத் தாளில் அட்டை போட்டு வைத்திருந்தாள்.

எல்லோரும் வயிறு வலிக்கச் சிரிப்பார்கள். சிரிக்கும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பார்கள். பெண்டாட்டி இன்னொருத்தனைக் கொஞ்சுவதைக் கேட்டுக்கொண்டு கல்லாட்டம் உட்கார்ந்திருப்பவனை வேறு எப்படிப் பார்ப்பார்கள்?

கொஞ்சத்தான் செய்தாள். மூட்டையைத் தூக்குமுன் அவன் அதை இரண்டு தட்டுத் தட்டுவான் என்று வாசிக்கும்போது குரல் குழைந்துவிடும். மூட்டை தூக்குகிற எவனும்தான் தட்டுகிறான். நானும்தான் தட்டுகிறேன். அதில் என்ன குழைவு வேண்டிக்கிடக்கிறது?

அவனுக்கு முதுகு வலிக்கிறது என்று அவள் வாசித்தால் சித்தாள்கள் உச்சுக் கொட்டுவார்கள். எனக்கு வலித்தால், தைலம் அலமாரியில் இருக்கிறது, எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் என்னைப் பற்றி அவள் நாலு பேரிடம் சொன்னது, நான் குறட்டை விடுவேன் என்பது மட்டும்தான்.

அதனால்தான் ஐம்பத்தோரு வயதில் சிலேட்டைப் பிடித்தேன். லாரியில் சாமான் இறக்கப் போகிறேன் என்று அவளிடம் பொய் சொல்லிவிட்டு, நான்கு மாதம், வேலை முடிந்ததும் முதியோர் வகுப்பு. அவள் வாய் வழியாக இல்லாமல் அவனை நேருக்கு நேர் பார்த்துவிட வேண்டும். டீச்சரிடம் நானாகக் கேட்டு எழுதிப் பழகிய முதல் சொல் 'கலவை'. பார்த்த இடத்தில் ஆளைப் பிடிக்க வேண்டுமே.

இன்று கடைசிப் பாகம். எப்போதும் கீழ்ப்படியில் உட்காருகிற நான், அவள் இருந்த படிக்கு ஏறி ஒட்டி உட்கார்ந்தேன்.

"என்ன, புதுசா இருக்கு?" என்றாள்.

"அங்க வெயில்."

இளைய சித்தாள் சாப்பாட்டு டப்பாவை மூடிக்கொண்டே கேட்டாள்: "அக்கா, உங்க ஆளு திரும்பி வருவாரா, இல்ல ராணியோட செட்டிலா?"

எல்லோரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள்.

அவள் வாசிக்கத் தொடங்கினாள். நான் ஓரக்கண்ணால் பக்கத்தைப் பிடித்தேன்.

'கலவை' இல்லை.

மேலிருந்து கீழே தேடினேன். குமாஸ்தா என்று இருந்தது. மறுபடி எழுத்துக் கூட்டினேன். குமாஸ்தாவேதான். டிராகனின் மூன்று தலைக்கும் மூன்று விண்ணப்பத்தை நீட்டி, தனித்தனியாகக் கையெழுத்துக் கேட்டுக்கொண்டிருந்தான்.

அவள் வாயோ, கலவைக்காரன் மண்வெட்டியைக் கழுவிச் சுவரில் சாத்தினான் என்று வாசித்துக்கொண்டிருந்தது.

நான்கு மாதமும் வீண் என்றுதான் முதலில் நினைத்தேன். எழுத்தை நான்தான் தப்பாகக் கற்றிருக்கிறேன். எட்டாவது வரை படித்தவள், அவளா தப்பாக வாசிப்பாள்?

பக்கம் புரண்டது. மேலே மூன்றே வரி. குமாஸ்தா ராணியைக் கட்டிக்கொண்டு அரண்மனையிலேயே தங்கிவிட்டான். கீழே 'சுபம்'. சினிமாவில் பார்த்துப் பார்த்து, எழுத்துத் தெரியாத காலத்திலேயே எனக்குத் தெரிந்த சொல். அதில் தப்பு வர வழியில்லை.

அவள் அடுத்த பக்கத்தையும் திருப்பினாள்.

அது வெறும் வெள்ளை.

அந்த வெள்ளையில் விரலை வைத்து, வரி வரியாக நகர்த்தி வாசித்தாள். ராணி கொடுத்த மாலையைக் கலவைக்காரன் வாங்கவில்லை. மூன்று தலையிடமும் தனித்தனியாகச் சொல்லிக்கொண்டு கிளம்பினான். வீட்டு வாசலில் நின்று சட்டையிலிருந்த சிமெண்டுத் தூசியை உதறினான். யாரையும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. மூட்டையைத் தட்டுவதுபோல் கதவை இரண்டு தட்டுத் தட்டினான். உள்ளே இருந்தவளுக்கு யார் வந்திருப்பது என்று தெரிந்துவிட்டது.

எங்கள் வீட்டுக் கதவில், என் கை படுகிற இடத்தில் மட்டும் பெயிண்ட் போயிருக்கும்.

படிக்கட்டே சிரித்தது. மறுபடியும் என்னைப் பார்த்துத்தான். அந்தக் கலவைக்காரன் யார் என்று இவர்களுக்கெல்லாம் எப்போதோ தெரிந்திருக்கிறது.

"என்னய்யா, திருப்தியா?" என்றார் கொத்தனார்.

"மடப்பய. ராணிய விட்டுட்டு வந்திருக்கான்" என்றேன்.

பொறாமை போய்விடவில்லை. டிராகனையே திரும்பி நிற்கச் சொல்கிறவன் அவன். எனக்கு மேஸ்திரியின் வண்டிச் சத்தம் கேட்டாலே நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

நாளைக்கு வேறு புத்தகம் கொண்டுவருவதாக அவள் சொன்னாள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "இதக் கொஞ்சம் பிடிங்க" என்று புத்தகத்தை என்னிடம் கொடுத்துவிட்டு டப்பாவைக் கழுவப் போனாள்.

அவள் திரும்பி வரும்போது கவனமாக அதைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டிருந்தேன்.